வேட்பாளர் சொல்வது உண்மையா? முதல்முறை ஓட்டுப் போடுகிறவர்களுக்கு

என் அக்கா மகளுக்கு வாக்காளர் அட்டை வந்த அன்றைக்கு, அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “மாமா, எல்லாருமே பொய்தான் சொல்றாங்க. இதுல யாருக்குப் போட்டா என்ன?” எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வயதிலேயே ஒரு பிள்ளை இப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டால், பொய் சொல்கிறவருக்கு அதைவிட வசதி வேறு கிடையாது. எல்லாரும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் உண்மை பேசுகிறவருக்கு என்ன மிச்சம்?

இரண்டு நாள் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்தேன். எங்கள் தொகுதியில் நின்றவர்கள் பேசியதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். சில பொய்கள் இருந்தன, சில முழு உண்மைகளும் இருந்தன. அதிகம் இருந்தது வழுக்கலான பேச்சு. கேட்கும்போது உறுதிமொழி போல இருக்கும், எழுதிப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. அந்த இரண்டு நாளில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உதாரணங்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வரும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் படிக்கலாம்.

சட்டம் எந்தப் பொய்யைப் பிடிக்கும்?

இதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தேர்தல் நேரத்துப் பொய்களில் இரண்டைத்தான் சட்டம் நேரடியாகப் பிடிக்கிறது. ஒன்று, வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் பொய்யான தகவல் தருவது அல்லது மறைப்பது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 125ஏ-யின்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்று, எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றி, பொய் என்று தெரிந்தே பரப்புவது. இது பிரிவு 123(4)-இன் கீழ் முறைகேடு. உயர் நீதிமன்றத்தில் நிரூபித்தால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம்.

“இந்தப் பாலத்தை நான்தான் கொண்டுவந்தேன்” என்று பொய்யாகச் சொன்னால்? தண்டனை எதுவும் கிடையாது. “வந்ததும் ஒரே மாதத்தில் முடித்துத் தருவேன்” என்று சொல்லிவிட்டுச் செய்யாவிட்டால்? அதற்கும் கிடையாது. தமிழ்நாட்டின் இலவசக் கலர் டிவி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடர்ந்த வழக்கில், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி இந்தச் சட்டப்படி முறைகேடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. சாதனைப் பேச்சையும் வாக்குறுதியையும் சரிபார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

கடையில் கிடைக்கிற சாதாரண நோட்டு போதும். வேட்பாளருக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள், எங்கே, எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து. “குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்ப்பாராம்” என்று நம் பாஷையில் சுருக்கி எழுதினால் பயனில்லை. “குடிநீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு காண முயற்சி எடுக்கப்படும்” என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுத வேண்டும். அந்த “முயற்சி” என்ற சொல் பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது என்ன வகை என்று குறியுங்கள்: நடந்ததைப் பற்றிய பேச்சா, நடக்கப்போவதைப் பற்றியதா, எதிராளியைப் பற்றியதா. மூன்றையும் சரிபார்க்கிற விதம் வேறு வேறு.

பிரமாணப் பத்திரத்தை முழுசாகப் படியுங்கள்

சத்தியம் செய்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு ஒரு வேட்பாளர் பேசுகிற ஒரே இடம் இது. இதன் பெயர் படிவம் 26. வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் சொன்னதால்தான் இது நம் கைக்கு வந்தது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதி வாரியாக ஏற்றிவிடுவார்கள். ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) என்ற வசதி மூலம் போனிலும் பார்க்கலாம். போன் இல்லாதவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும்.

எங்கே பார்க்க வேண்டும்? எல்லாரும் மொத்தச் சொத்து எவ்வளவு கோடி என்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது அவ்வளவாகப் பயன்படாது. அசையாச் சொத்துப் பகுதியில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனியாக இருக்கும். அதைப் பாருங்கள். அப்புறம் ஐந்து வருட வருமான வரிக் கணக்கைப் பாருங்கள். 2019-லிருந்து வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்து இருப்பவர்கள் எல்லாருடைய ஐந்து வருடக் கணக்கையும் காட்டியாக வேண்டும். வருமானம் வருடம் நான்கு லட்சம், அதே காலத்தில் வாங்கிய நிலம் எண்பது லட்சம் என்றால், கடன் பகுதியில் அதற்குப் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நோட்டில் ஒரு கேள்விக்குறி. ஏற்கெனவே நின்றவர் என்றால் போன தேர்தல் பத்திரமும் இணையத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தின் விலை தானாக ஏறியிருக்கலாம், அதற்காக ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. புதிதாகச் சேர்ந்த சொத்து எது என்பதுதான் கேள்வி.

அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகளுக்கும் ஒரு பகுதி உண்டு. சின்ன விஷயம் என்று தோன்றும். மகாராஷ்டிரத்தில் அம்பர்நாத் தொகுதியில் 2004-இல் ஜெயித்த கிசன் சங்கர் கதோரேயின் தேர்தல் செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. மனைவி பெயரிலிருந்த பங்களாவையும் மின்கட்டணப் பாக்கியையும் பத்திரத்தில் காட்டவில்லை என்பது அந்த வழக்கின் முக்கியமான விஷயம். 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வழக்குகள் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். நம் ஊரில் சாலை மறியல் செய்தாலும் வழக்கு வரும், ஆர்ப்பாட்டத்துக்குப் போனாலும் வரும். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், என்ன பிரிவு என்று பாருங்கள். தண்ணீர் கேட்டு மறியல் செய்ததற்கு ஆறு வழக்கு உள்ளவரும், ஒரே ஒரு நில மோசடி வழக்கு உள்ளவரும் ஒன்றாகிவிட மாட்டார்கள். குற்றவழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தைப் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். அவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். கட்சி தன் வாக்காளரை எவ்வளவு மதிக்கிறது என்பது அந்த நாலு வரியில் தெரிந்துவிடும்.

“கொண்டுவந்தோம்” என்றால் எந்தப் படி வரைக்கும்?

சாதனைப் பேச்சில் முழுப் பொய் குறைவு. படியை மறைப்பதுதான் அதிகம். ஒரு அரசுத் திட்டம் வருவதற்குப் பல படிகள் உண்டு: அறிவிப்பு, இடம் தேர்வு, அரசாணை, நிதி ஒதுக்கீடு, அடிக்கல், ஒப்பந்தப்புள்ளி, வேலை தொடங்குவது, முடிப்பது, மக்கள் உபயோகத்துக்கு வருவது. எந்தப் படியில் நின்றாலும் மேடையில் “கொண்டுவந்தோம்” என்று சொல்லலாம்.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது 2015-இல். தோப்பூர்தான் இடம் என்று முடிவானது 2018 ஜூனில். மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதம் முன்னால், 2019 ஜனவரி 27-ஆம் தேதி, பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2021 சட்டமன்றத் தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி, இதுதான் எய்ம்ஸ் என்று ஊர் ஊராகப் பேசினார். 2022-இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தார்கள், ஆனால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். தோப்பூரில் பெரிய அளவில் கட்டுமானம் தொடங்கியது 2024-இல்.

இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுப் பாருங்கள். 2019-இல் “மதுரைக்கு எய்ம்ஸ் தந்துவிட்டோம்” என்று சொன்னவர் அடிக்கல் படியில் நின்று கடைசிப் படியின் பெயரைச் சொன்னார். 2021-இல் செங்கல்லைக் காட்டியபோது, கட்டடம் இல்லை என்பது உண்மை. அதே சமயம் நிலமும், கட்டுவதற்கான ஜப்பான் கடனுதவியும் காகிதத்தில் நகர்ந்துகொண்டிருந்ததும் உண்மை, அதை ஒரு செங்கல் காட்டாது. நோட்டில் நான் எழுதச் சொன்னது இதைத்தான்: “எந்தத் தேதியில், எந்தப் படி?” உங்கள் ஊர்ப் பாலம், பஸ் ஸ்டாண்டு, பாதாளச் சாக்கடை எல்லாவற்றுக்கும் இதே கேள்வி.

எங்கே பார்ப்பது என்று கேட்டால், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். எந்த மாவட்டத்தில் எந்த வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நிறைய இடங்களில் அதிலேயே பிடித்துவிடலாம். நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் மக்களவை இணையதளத்தில் இருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு எம்.பி.க்கு வருடத்துக்கு 5 கோடி ரூபாய். “என் சொந்த முயற்சியில் கட்டிய சமுதாயக் கூடம்” அந்த நிதியில் கட்டியதா என்று சுவரில் உள்ள கல்வெட்டைப் பார்த்தாலே தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. வேட்புமனு வாபஸ் முடிந்து ஓட்டுப்பதிவு வரை சில நேரம் இரண்டு வாரம்தான் இருக்கும். வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு மனுப் போட்டால் பதில், ஓட்டுப்பதிவு முடிந்த பிறகுதான் வரக்கூடும். மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

வாக்குறுதியில் வினைச்சொல்லைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அக்கா மகளும் இதில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தேர்தல் அறிக்கையை எடுத்து ஒரு பேனாவால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை வட்டம் போடுங்கள். “வழங்கப்படும்” என்பது வாக்குறுதி. “வழங்க நடவடிக்கை எடுக்கப்படும்” என்றால் ஒரு கடிதம் எழுதினாலே போதும். “மத்திய அரசை வலியுறுத்துவோம்”, “பரிசீலிக்கப்படும்”, “ஆவன செய்யப்படும்” எல்லாம் அந்த ரகம். இவை பொய் ஆகாது. ஆனால் மேடையில் இதையே “நிச்சயம் செய்து தருவோம்” என்று பேசினால், அறிக்கையில் எழுதத் துணியாததைக் கூட்டத்தில் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

“படிப்படியாக” என்ற சொல்லுக்கு ஒரு வட்டம் கூடுதலாகப் போடுங்கள். 2016-இல் அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 டாஸ்மாக் கடைகளை மூடவும், கடை திறக்கும் நேரத்தைக் குறைக்கவும் உத்தரவிட்டார். 2017-இல் இன்னொரு 500 கடை. சொன்னதைச் செய்யத் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் எத்தனை படி, கடைசிப் படி எந்த வருடம் என்பது அறிக்கையில் இருந்ததா? தேதி இல்லாத படி எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும்.

அப்புறம் “-ஆல்”. “வந்தால்”, “கிடைத்தால்”, “மீட்டால்”. 2013 நவம்பரில் சத்தீஸ்கரின் காங்கேரில் மோடி பேசியதைப் பலரும் “ஆளுக்கு 15 லட்சம் தருவேன் என்றார்” என்று சொல்வார்கள். அவர் சொன்னது, வெளிநாட்டில் பதுக்கிய கருப்புப் பணம் மட்டும் திரும்பி வந்தால் ஒவ்வோர் ஏழைக்கும் 15, 20 லட்சம் கிடைக்கும் அளவுக்கு இருக்கும் என்பது. கணக்கில் போடுவேன் என்று வாக்குறுதி தந்ததாகச் சொன்ன எதிர்க்கட்சிகள் வாக்கியத்தை மாற்றின. ஆனால் கூட்டத்தில் நின்ற ஒரு விவசாயக் கூலிக்கு அந்த “வந்தால்” காதில் விழுந்திருக்குமா, 15 லட்சம் விழுந்திருக்குமா? பேசுகிறவருக்கும் அது தெரியும். 2015-இல் அமித் ஷா அதை ‘ஜும்லா’ என்று சொன்னார், பேச்சுக்குச் சொன்னது என்ற அர்த்தத்தில். என் மனசுக்கு, சொல்லளவில் பொய் இல்லாமல் கேட்கிறவரைத் தவறாக நம்பவைப்பதும் நேர்மைக் குறைவுதான்.

சொல்லுக்கு அடுத்தது அதிகாரம். சொல்வதைச் செய்ய அந்தப் பதவிக்கு உரிமை இருக்கிறதா? 2021-இல் தி.மு.க. நீட் தேர்வை ரத்து செய்யச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. செப்டம்பர் 2021-இல் சட்ட முன்வடிவு நிறைவேறியது, 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முயற்சி நடந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் கடைசிக் கையெழுத்து மாநிலத்தின் கையில் இல்லை என்பதை ஓட்டுக் கேட்கும்போதே அழுத்திச் சொல்லியிருந்தால், அந்த நான்கு வருடம் படித்த பிள்ளைகள் தங்கள் காலத்தைத் திட்டமிட்டிருப்பார்கள். இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

கடைசியாகப் பணம். இதற்குப் பெரிய பொருளாதாரம் தெரிய வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,000. ஒரு கோடிப் பேருக்கு 12,000 கோடி. தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல் குடும்ப அட்டை இருக்கிறது, எல்லாருக்கும் என்றால் 24,000 கோடியைத் தாண்டும். 2021-இல் தி.மு.க. குடும்பத் தலைவிகளுக்கு 1,000 என்றது, அ.தி.மு.க. 1,500 என்றது. திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருட மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்பது போன்ற வரம்புகள் வந்தன. வரம்பு வைப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெருக்கிப் பார்த்திருந்தால் வரம்பு வரும் என்பது 2021-லேயே நமக்குத் தெரிந்திருக்கும். அதே வருடம் ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடன் ஐந்தே முக்கால் லட்சம் கோடியை நெருங்குகிறது என்று காட்டியது. எனவே இனிமேல் யார் எதைச் சொன்னாலும் “எல்லாருக்குமா, தகுதியுள்ளவர்களுக்கா?” என்று ஒரு கேள்வி.

வாக்குறுதிக்குப் பணம் எப்படி வரும் என்பதைப் பொதுவாகவாவது அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று தேர்தல் நடத்தை விதிமுறையிலேயே இருக்கிறது. 2013 தீர்ப்புக்குப் பிறகு சேர்த்தது. உங்கள் கையிலுள்ள அறிக்கையில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

எதிராளியைப் பற்றிப் பேசும்போது

அடுத்த கட்சியை விமர்சிக்கும்போது கொள்கை, திட்டம், செய்த வேலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சரிபார்க்காத குற்றச்சாட்டைச் சொல்லக் கூடாது என்பதும் நடத்தை விதிதான். மேடையில் இதை மீறுவது தினமும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவது அதைவிட மோசம்.

வெட்டிய வீடியோதான் இப்போது பெரிய ஆபத்து. அமித் ஷா 2023-இல் தெலங்கானாவில் முஸ்லிம் இடஒதுக்கீட்டை ரத்து செய்வோம் என்று பேசியதை, பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டையே ரத்து செய்வோம் என்று சொன்னது போல வெட்டி ஒட்டி 2024 தேர்தலில் பரப்பினார்கள். கைதுகள் வரை போனது. அவர் உண்மையில் சொன்னதை எதிர்க்க ஒருவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அதற்குச் சொல்லாததைச் சொன்னதாக ஆக்க வேண்டியதில்லை.

குரலையும் நம்ப முடியாது. 2024-இல் கலைஞர் கருணாநிதியின் உருவத்தையும் ஜெயலலிதாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கி அவரவர் தரப்பே வெளியிட்டது. அவை வெளிப்படையாகச் செய்தவை. மறைத்துச் செய்ய நினைக்கிறவருக்கும் அதே கருவிதான்.

முப்பது வினாடி வீடியோ வந்தால் முழுப் பேச்சைத் தேடுங்கள். கட்சியின் யூடியூப் பக்கத்திலோ செய்திச் சேனலிலோ அநேகமாக இருக்கும். வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கேளுங்கள். முழுப் பேச்சு கிடைக்கவில்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள். யூடர்ன் போன்ற தமிழ் உண்மை சரிபார்ப்புத் தளங்களிலும் பாருங்கள். பிரச்சாரம் ஓய்ந்த கடைசி 48 மணி நேரத்தில் வரும் புதுக் குற்றச்சாட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பதில் சொல்ல எதிராளிக்கு நேரம் இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த நேரத்தில் விடுவார்கள்.

நேரில் கேட்பது

வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வருவார். மேளம், மாலை, ஆரத்தித் தட்டு, பத்து பைக். வேன் நிற்பது இரண்டு நிமிடம். “தண்ணி பிரச்சினை என்னாச்சு?” என்று கேட்டால் “கண்டிப்பா பண்ணிடலாம்மா” என்று வரும், முடிந்தது. கேள்விக்குள்ளேயே தேதியோ இடமோ இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அக்கா மகள் கேட்டது இது: “அண்ணே, மூணாவது தெரு மேல்நிலைத் தொட்டிக்கு நிதி ஒதுக்கியாச்சுன்னு நேத்து பேசுனீங்க. அரசாணை வந்துடுச்சா?” அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அந்த ஆள் தலையை ஆட்டினார். “இன்னும் வரலைம்மா. கேட்டிருக்கோம், பேச்சுவார்த்தையில இருக்கு” என்றார் வேட்பாளர். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. “வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம், யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்? நோட்டில் அவர் பக்கத்தில் அவள் இரண்டு வரி எழுதினாள்: நேற்று சொன்னது தவறு. கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

தவறை ஒப்புக்கொள்கிறவருக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். நாம் கொடுக்காவிட்டால் அடுத்த முறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுக்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று தேர்தலே ரத்தானது நம் மாநிலத்தில்தான். காசை வாங்கிய கையோடு வேன் முன்னால் நின்று அரசாணை எங்கே என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

புகாரும், அதற்குப் பிறகும்

விதிமீறலைக் கண்ணால் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார் வசதியில், போனிலேயே புகைப்படமோ இரண்டு நிமிட வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. பேசிப் புகார் சொல்ல வேண்டுமென்றால் 1950 என்ற எண். பிரமாணப் பத்திரத்தில் பொய் இருப்பதற்கு உங்களிடம் ஆவணம் இருந்தால், தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர் பிரமாணப் பத்திரம் தரலாம், அதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். தேர்தலையே எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கு வழக்கறிஞர் தேவை.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அது குடும்ப அட்டை வைக்கிற டிராயரில் இருக்கிறது. புது அரசின் முதல் பட்ஜெட் வந்த வாரம் எடுத்தோம், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு வந்தபோது மறுபடி எடுத்தோம். மூன்றாவது தெருத் தொட்டிக்கு நேராக அவள் இப்போது எழுதியிருக்கிறாள்: “நிதி ஒதுக்கீடு ஆயிற்று. ஒப்பந்தப்புள்ளி இன்னும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு பார்க்க.”